கோட்டையல்ல, குடோன்!

கோட்டை என்று சொன்னதும் உங்கள் மனசுக்குள் என்ன படம் ஓடுகிறது? செஞ்சி மாதிரி மலை உச்சி... வேலூர் மாதிரி தண்ணீர் நிரம்பிய அகழி... யானைப்படை, கொத்தளம், ராஜா ராணி. குறைந்தபட்சம் ஒரு ரகசியச் சுரங்கப் பாதையாவது வேண்டாமா?

இந்தப் படத்தை மனசில் வைத்துக்கொண்டு நம் கிழக்குக் கடற்கரையோரக் கோட்டைகளைப் பார்க்கக் கிளம்பினால் ஏமாந்துதான் போவீர்கள். பழவேற்காட்டில் ஒரு புதர் மேடு. சதுரங்கப்பட்டினத்தில் செங்கல் சுவர்கள். கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆற்றோரமாகக் கொஞ்சம் இடிபாடு. இந்த வரிசையில் முழுசாக நிற்பது தரங்கம்பாடிதான். அதுவும் ஒரு பெரிய கல்யாண மண்டபத்தின் அளவுக்குத்தான் இருக்கும். 'இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?' என்று வீட்டில் யாராவது முணுமுணுப்பார்கள். நீங்களும் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவீர்கள்.

ஒரு சின்னத் திருத்தம் செய்துகொண்டால் போதும், அந்தச் செங்கல் சுவர்கள் பேச ஆரம்பித்துவிடும். இவை ராஜாக்கள் கட்டியவை அல்ல. கம்பெனிகள் கட்டியவை. படையெடுக்கக் கட்டியதும் அல்ல. சரக்கு வைக்கக் கட்டியவை. கோட்டை என்று பெயர்ப் பலகை சொல்லும். நீங்கள் குடோன் என்று படித்துக்கொள்ளுங்கள்.

என்ன சரக்கு? துணி!

நம் பள்ளிக்கூடப் புத்தகங்கள் 'ஐரோப்பியர்கள் மிளகு வாங்க வந்தார்கள்' என்றே சொல்லிக்கொடுத்தன. அது பாதிக் கதை. கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்தது இன்றைய இந்தோனேஷியத் தீவுகளில். அங்கே போன டச்சுக்காரர்களுக்கு ஒரு சிக்கல். ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோன சரக்கைத் தீவுக்காரர்கள் சீந்தவில்லை. அவர்கள் கேட்டது சோழமண்டலக் கரைத் துணி. பல தலைமுறைகளாக அதைத்தான் வாங்கி உடுத்திக்கொண்டிருந்தார்கள். (சோழமண்டலம் என்ற சொல்தான் வெள்ளைக்காரர் வாயில் 'கோரமண்டல்' ஆனது.) ஆக, கிராம்பு வேண்டுமென்றால் முதலில் இங்கே வந்து துணி வாங்கியாக வேண்டும். மணல்பாங்கான இந்தக் கரையில் வளர்ந்த சாயவேரிலிருந்து எடுக்கும் சிவப்பு, எத்தனை முறை துவைத்தாலும் போகாது. அந்தச் சிவப்புக்குத்தான் அத்தனை கப்பல்களும்.

பழவேற்காட்டில் 1610 வாக்கில் கடை விரித்த டச்சுக்காரர்கள், 1613-ல் அங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் தலைமையகத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை, இந்தக் கரையில் அவர்களுடைய மொத்த வியாபாரத்துக்கும் அதுதான் ஹெட் ஆபீஸ். இன்று அந்த இடத்தில் முட்புதர் மூடிய ஒரு மேடும் அகழியின் தடமும் மிச்சம். ஆனால், பக்கத்திலேயே டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் நன்றாக இருக்கிறது. நுழைவாயிலின் இரண்டு பக்கமும் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் பெரிய பெரிய கற்பலகைகள், அழகழகான எழுத்துகள், குடும்பச் சின்னங்கள். செத்தவர் யார், என்ன உத்தியோகம், என்றைக்கு இறந்தார் என்று ஒவ்வொன்றும் கல்லில் இருக்கிறது.

கல்லில் இல்லாத ஒரு கணக்கும் உண்டு. 1621-ல் ஜாதிக்காய் விளையும் பாண்டா தீவுகளை டச்சுக்காரர்கள் பிடித்தபோது, அங்கிருந்த மக்களில் பெரும்பாலோரைக் கொன்றும் விரட்டியும் தீர்த்துவிட்டார்கள். தோட்டங்கள் கைக்கு வந்துவிட்டன, வேலை செய்யத்தான் ஆளில்லை. எங்கே ஆள் பிடிப்பது? துணி ஏற்றிய அதே பழவேற்காட்டுக் கரையிலிருந்து, அதே கம்பெனியின் கப்பல்களில், அடிமைகளும் ஏற்றப்பட்டார்கள். இந்தக் கரையில் பஞ்சமும் போரும் வரும்போதெல்லாம் அந்த வியாபாரம் சூடுபிடித்தது. 1659 முதல் 1661 வரையிலான ஆண்டுகளைப் பாருங்கள். பீஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடின. பஞ்சம். சோற்றுக்காகத் தன்னையும் பிள்ளைகளையும் விற்றார்கள் ஜனங்கள். அந்தச் சமயத்தில் நாகப்பட்டினம், பழவேற்காடு போன்ற இடங்களில் டச்சுக் கம்பெனி வாங்கிய அடிமைகள் 8,000 முதல் 10,000 பேர் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பகுதி இலங்கைக்கு. மிச்சம் பேர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும். அவர்களில் ஒருவர் பெயர்கூடப் பழவேற்காட்டில் எந்தக் கல்லிலும் இல்லை. எலும்புக்கூடு வாசலைப் போட்டோ எடுக்கும்போது இதையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையைத் தாண்டித் தெற்கே வந்தால், கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம். இதுவும் டச்சுக் கோட்டைதான். மெல்லிய மஸ்லின் துணிக்குப் பேர்போன ஊர். உள்ளே நுழைந்ததும் நீளநீளமான கிடங்குகள் கண்ணில் படும். 'நான் குடோன்தான்' என்று எந்த வெட்கமும் இல்லாமல் ஒப்புக்கொள்கிற கோட்டை இது. 1824-ல் போட்ட ஒரு ஒப்பந்தத்தில், இந்தியாவில் தங்களுக்கு மிச்சமிருந்த இடங்களையெல்லாம் டச்சுக்காரர்கள் ஆங்கிலேயர்களிடம் கொடுத்துவிட்டு மூட்டை கட்டினார்கள்.

அடுத்தது பாண்டிச்சேரி. இங்கே எல்லாரும் ஒரு தப்பு செய்வோம். அந்த மஞ்சள் சுவர்களையும் நேர்கோட்டுத் தெருக்களையும் பார்த்து, 'ஆஹா, பிரெஞ்சுக்காரன் முதன்முதலில் கட்டின ஊர் அப்படியே இருக்கே' என்று பூரிப்போம். இல்லை. 1761-ல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர்கள் கோட்டையையும் வெள்ளைக்காரர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் பார்ப்பது அதற்குப் பிறகு எழுந்த ஊர். பழைய பாண்டிச்சேரியைப் பார்க்க வேண்டுமென்றால் தெருவில் தேடிப் பயனில்லை, ஒரு டைரியில் தேட வேண்டும். துய்ப்ளே துரையிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-லிருந்து 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு அது. அடிப்படையில் அவர் ஒரு வியாபாரி. அதனால் கவர்னர் வீட்டு ரகசியத்தையும் துணி மூட்டை விவகாரத்தையும் ஒரே பக்கத்தில் எழுதுகிறார். கம்பெனி பேரேடுகள் எத்தனையோ உண்டு. நம் ஆள் ஒருத்தர், நம் பக்கத்தில் உட்கார்ந்து, நம் மொழியில் எழுதி வைத்த கணக்கு என்று பார்த்தால் இது தனி. அவர் வாழ்ந்த வீடு பாண்டிச்சேரியில் இன்னும் இருக்கிறது. போனால் விட்டுவிடாதீர்கள்.

கடலூரில் நடந்தது சரியான ரியல் எஸ்டேட் கதை. 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர்களிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டை சரி, சுற்றியுள்ள நிலத்துக்கு எல்லை எது? கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை! இப்படி ஒரு பத்திரம் கையில் கிடைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதையேதான் அவர்களும் செய்தார்கள். கெட்டிக்காரப் பீரங்கிக்காரனையும் நல்ல பீரங்கியையும் கொண்டுவந்து நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு எல்லைக்குள் மாட்டிய ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பேர் விழுந்துவிட்டது. யாரையும் கேட்கவில்லை, ஓலை எழுதவில்லை. ஒரே வெடிச் சத்தத்தில் காலையில் மராட்டியர் குடியாக இருந்தவர், சாயங்காலம் கம்பெனி குடி.

இனி தரங்கம்பாடி. இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்போம்.

டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியன், பக்கத்து நாட்டுக்காரர்கள் கம்பெனி வைத்துச் சம்பாதிப்பதைப் பார்த்து, 1616-ல் தானும் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனியை ஆரம்பித்தார். 1618-ல் கப்பல்கள் கிளம்பின. போக வேண்டிய இடம் தரங்கம்பாடியே அல்ல, இலங்கை! கண்டி ராஜாவின் தூதன் என்று சொல்லிக்கொண்டு கோபன்ஹேகன் வந்த போஷோவர் என்பவரை நம்பி ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். பிரயாணம் ஏறக்குறைய இரண்டு வருஷம் இழுத்தது. வந்தவர்களில் பாதிக்கு மேல் வழியிலேயே செத்துப்போனார்கள். போஷோவரும் காலி. மிச்சம் பேர் இலங்கை போய்ச் சேர்ந்தால், கண்டி ராஜா அதற்குள் போர்ச்சுக்கீசியர்களோடு சமாதானமாகிவிட்டிருந்தார். 'நான் எந்த ஒப்பந்தமும் போடவில்லையே' என்று கைவிரித்துவிட்டார்.

இன்னொரு பக்கம், முன்கூட்டியே வந்த ஒரு கப்பலைக் காரைக்கால் அருகே போர்ச்சுக்கீசியர்கள் தாக்கி மூழ்கடித்தார்கள். அதிலிருந்த ரோலண்ட் கிராப்பே என்பவர் பதின்மூன்று பேரோடு கரையேறித் தப்பினார். பிடிபட்டுத் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்பட்டார். நாயக்கர் கெட்டிக்காரர். நாகப்பட்டினத்தில் ஏற்கெனவே போர்ச்சுக்கீசியர்கள் இருந்தார்கள். ஒரே வியாபாரியை நம்பியிருந்தால் அவன் வைத்ததுதான் விலை. போட்டிக்கு இன்னொருத்தன் வந்தால் நமக்கு நல்லதுதானே? 1620 நவம்பரில் டேனிஷ் தளபதி ஓவே கெட்டேயுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக் குத்தகைக்குத் தரங்கம்பாடி. டென்மார்க் ராஜாவுக்கு நாயக்கர் தங்க ஓலையில் தமிழில் ஒரு கடிதமும் அனுப்பினார். அது டென்மார்க் ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கடலைப் பார்த்தபடி டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. கட்டட அமைப்பைக் கவனியுங்கள். கீழ்த்தளத்தில் சரக்குக் கிடங்கு, சமையலறை, சிப்பாய்கள் தங்குமிடம், ஜெயில். மேல்தளத்தில் கவர்னர், பாதிரியார், ஒரு சின்ன தேவாலயம். கடவுளும் கவர்னரும் சரக்கு மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொன்னால் தப்பில்லை!

வியாபாரம் எப்படி? படுமோசம். 1622-லிருந்து 1637 வரை டென்மார்க்கிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் 18. திரும்பிப் போய்ச் சேர்ந்தவை ஏழே ஏழு. பி.காம். முதல் வருஷப் பையனிடம் கொடுத்தால்கூடக் கடையை மூடச் சொல்லிவிடுவான். ஐரோப்பாவில் நடந்த போர்கள் வேறு டென்மார்க்கின் கஜானாவைக் காலி செய்தன. கப்பல் வருவது குறைந்தது. பிறகு நின்றே போனது. ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல... 29 வருஷம்! நடுவில் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். ஆனால், தரங்கம்பாடியில் இருந்தவர்களை யாரும் கூப்பிட்டுக்கொள்ளவில்லை.

ஒவ்வொருவராகச் செத்துப்போக, 1655 வாக்கில் மிஞ்சிய ஒரே டேனிஷ்காரர் எஸ்கில்ட் கோங்ஸ்பாக்கே. சாமானியக் குடும்பத்து ஆள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்கிறார்கள். சம்பளம் இல்லை, கடிதம் இல்லை, கம்பெனியே இல்லை. மனுஷன் கொடியை இறக்கவில்லை! உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு, வங்கக் கடலில் போகும் கப்பல்களை மறித்துப் பிடித்தார் (கொள்ளைதான், வேறென்ன?). பிடித்த சரக்கை விற்றுக் கோட்டையைப் பழுது பார்த்தார். குத்தகை பாக்கிக்காகத் தஞ்சைப் படைகள் வந்து முற்றுகையிட்டபோது சமாளித்தார். ஊரைச் சுற்றி மதிலே எழுப்பிவிட்டார். வேறு நாட்டுக் கப்பல்கள் மூலம் ஊருக்குத் தகவல் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் 1669 மே மாதம் ஒரு டேனிஷ் கப்பல் வந்து சேர்ந்தது. கூடவே, அவர்தான் தரங்கம்பாடியின் தலைவர் என்ற முறையான உத்தரவும் வந்தது. உத்தரவுக்கு முன்பே பல வருஷமாக அவர் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்!

கம்பெனி மறுபடி முளைத்தது. 1706-ல் டென்மார்க் ராஜா அனுப்பிய இரண்டு ஜெர்மானியப் பாதிரியார்கள் வந்து இறங்கினார்கள். சீகன்பால்க், புளூட்சோ. கம்பெனிக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. வியாபாரம் நடக்கிற இடத்தில் மதம், பள்ளிக்கூடம் என்று எதற்கு வம்பு? 24 வயது சீகன்பால்க் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் 'அ, ஆ' எழுதிக் கற்றுக்கொண்டார். சில வருஷங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் ஓலைச்சுவடிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் பற்றிக் குறிப்பு எழுதி வைத்தார். ஒரு நாவிதரின் விதவை மனைவிக்காகக் கடன் தகராறு ஒன்றில் பரிந்து பேசப் போக, 1708 கடைசியில் கோட்டைத் தலைவர் ஹாசியஸ் அவரைப் பிடித்து உள்ளே தள்ளினார். நான்கு மாதம் ஜெயில்.

அவர் வேலை இப்போதுதான் சூடுபிடித்தது. லண்டனிலிருந்து ஓர் அச்சு இயந்திரத்தை அனுப்பினார்கள். வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொள்ள, பணயத் தொகை கொடுத்து மீட்டார்கள். கூட வந்த அச்சுக்காரர் கடலிலேயே இறந்துபோனார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-ல் வந்தன. ஆனால் அவை ரொம்பப் பெரிசு. கிடைத்த காகிதமெல்லாம் காலியாகிவிடும். என்ன செய்வது? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயப் பெட்டிகளை உருக்கிச் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள்! 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. தமிழ் அச்சேறியது இதுதான் முதல் முறையா என்றால், இல்லை. 1578-லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. ஆனால் அந்த முயற்சி தொடராமல் அணைந்துபோயிருந்தது. தரங்கம்பாடியில் ஏற்றிய விளக்கு அணையவில்லை.

நம் சாமிகளைப் பற்றியும் சீகன்பால்க் ஒரு பெரிய புத்தகம் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். 'உன்னை அனுப்பியது அதை ஒழிக்க. இங்கே வந்து பரப்புவதற்கா?' என்கிற ரீதியில் பதில் வந்தது. அந்தப் புத்தகம் அச்சானது 1867-ல், சென்னையில்! அதைப் பார்க்க அவர் இல்லை. 1719-ல், 36 வயதில் இறந்துவிட்டார். ராஜ வீதியில் உள்ள புதிய எருசலேம் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

கம்பெனிக்கு நல்ல காலம் வந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். இங்கிலாந்தும் பிரான்சும் அடித்துக்கொள்ள, நடுநிலை நாடான டென்மார்க்கின் கப்பல்களுக்கு ஏக கிராக்கி. ஆங்கிலக் கம்பெனி அதிகாரிகள் இங்கே குறுக்கு வழியில் சம்பாதித்த பணத்தை நேரடியாக ஊருக்கு அனுப்ப முடியாது. டேனிஷ்காரர்களிடம் கொடுத்துவிட்டால், அவர்கள் அதில் சரக்கு வாங்கி விற்று ஐரோப்பாவில் பணமாகக் கொடுத்துவிடுவார்கள். இன்றைக்கு இதற்கு ஹவாலா என்று பேர். இப்போது நீங்கள் பார்க்கிற கவர்னர் பங்களாவும், 1792-ல் கட்டிய வெள்ளை நிற ஊர்வாசலும் அந்தச் செழிப்பில் எழுந்தவைதான்.

அப்புறம் டென்மார்க்கும் போரில் மாட்டிக்கொண்டது. 1808-ல் தரங்கம்பாடியை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டு, 1815-ல்தான் திருப்பித் தந்தார்கள். அதற்குள் இங்கிலாந்து ஆலைத் துணி வந்துவிட்டது. சாயவேர்ச் சிவப்பை யாரும் தேடவில்லை. துணி இல்லையென்றால் குடோன் எதற்கு? 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டு நடையைக் கட்டினார்கள்.

225 வருஷத்துக் கடையின் கடைசி விலை அது. அந்தப் பன்னிரண்டரை லட்சத்துக்குள் எது அடங்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். பாலாடைக்கட்டி ஈயத்தில் பிறந்த எழுத்துகளுக்குக் கம்பெனி விலை போடவில்லை. அதற்கு அது வெறும் தொல்லை. நீங்கள் இந்தப் பத்திரிகையைக் கையில் பிடித்திருப்பதில் அந்தத் தொல்லைக்கும் ஒரு பங்கு உண்டு. இன்னொரு பெயரும் கணக்கில் வரவில்லை. தறியில் உட்கார்ந்தவர், சாயம் தோய்த்தவர், அலையில் படகு தள்ளி மூட்டையைக் கப்பலில் ஏற்றியவர்... இவர்கள் இல்லாமல் இந்தக் கம்பெனிகளில் ஒன்றுகூட இந்தக் கரைக்கு வந்திருக்காது. பேரேட்டில் அவர்கள் 'முன்பணம்', 'கூலி' என்ற இரண்டு வார்த்தைகளாக முடிந்துபோனார்கள்.

தரங்கம்பாடி போகும்போது கோட்டைக்குப் பக்கத்தில் கடலோரம் உள்ள மாசிலாமணிநாதர் கோயிலையும் பாருங்கள். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. டேனிஷ்காரர் வருவதற்கு 300 வருஷம் முன்பே இது ஒரு பட்டினம் என்பதற்கு அதுதான் சாட்சி. கோயிலின் பெரும் பகுதியைக் கடல் தின்றுவிட்டது. 2004 சுனாமியில் இந்த ஊர் மீனவக் குடும்பங்கள் இழந்ததோ அதைவிடப் பெரிது. அதற்குப் பிறகு அரசும் டேனிஷ் அமைப்புகளும் சேர்ந்து பழைய கட்டடங்கள் பலவற்றைச் செப்பனிட்டிருக்கிறார்கள். ஆனால், அலைக்கு ஒப்பந்தமெல்லாம் தெரியாது. பார்க்க வேண்டியவர்கள் சீக்கிரம் பார்த்துவிடுவது நல்லது.

ஒரே ஒரு யோசனை. டான்ஸ்போர்க் கோட்டைக்குள் நுழைந்ததும் எல்லாரும் நேராக மாடிக்குத்தான் ஏறுவார்கள். காற்று அங்கேதான், கடல் அங்கேதான், மியூசியமும் அங்கேதான். நீங்கள் முதலில் கீழே போங்கள். வளைவுக் கூரை போட்ட அந்த இருட்டு அறைகளில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். அந்தக் கோட்டையே அதற்காகத்தான் கட்டப்பட்டது.